விசேடமா, பொதுவா? – ஒரு சிறு கிளினிக்கின் கணக்கு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



மேடையில் நிற்பவர் ஒருவர் என்றாலும் இந்த உரை முழுவதும் "நாங்கள்" என்றே பேசப்போகிறோம். எங்கள் கிளினிக்கை நடத்துபவர்கள் இதே கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்த இருவர். மற்றவர் இந்நேரம் அங்கே நோயாளர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஒன்றாக வெளிக்கிடுவதென்றால் கதவைப் பூட்டவேண்டும். பூட்டினால் திங்கட்கிழமை முழுவதும் அதற்கு விளக்கம் சொல்லவேண்டும். உரையை இருவரும் சேர்ந்துதான் எழுதினோம். ஓரிரு இடங்களில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. அந்த இடம் வரும்போது சொல்கிறோம்.

விழாக் குழுவினர் எங்களுக்குத் தந்த தலைப்பு, சுயதொழில் தொடங்கும் பெண் ஒன்றில் மட்டும் நிற்பதா, பல சேவைகளையும் வழங்குவதா என்பது. இதைப் பேச எதற்கு டொக்டர்மார் என்று முதலில் யோசித்தோம். எங்கள் தொழிலில் காசைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூச்சம் உண்டு. ஆனால் நாங்களும் மாதம் முடிய வாடகை கட்டுகிறோம். இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்கிறோம். மின்சாரப் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிறுவனமாகப் பதிவும் செய்திருக்கிறோம். ஆகவே எங்களையும் தொழில்முயற்சியாளர் என்று சொன்னால் மறுக்கமுடியாது.

தங்கைமார் இருப்பதால் எங்களைப் பற்றிச் சுருக்கமாக. நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, 1995 ஒக்டோபர் இறுதியில், வலிகாமமே எழுந்து நடந்தது. பிறகு திரும்பி வந்து, குப்பி விளக்கில் படித்து, உயர்தரம் எழுதி, யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்குப் போனோம். உள்ளகப் பயிற்சி, அதன்பின் அரசாங்க சேவையில் சில ஆண்டுகள், பிறகு 2012இல் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டின் முன் விறாந்தையில் கிளினிக். இருமல், காய்ச்சல், சீனி, பிரஷர், பிள்ளைக்கு வயிற்றோட்டம், ஆச்சிக்கு முழங்கால். வருகிறவர்கள் எதைக் கொண்டுவந்தார்களோ அதைப் பார்த்தோம். இதில் திட்டம் என்று எதுவும் இல்லை. இரண்டு பொது வைத்தியர்கள் சேர்ந்தால் வேறு எதைத் தொடங்குவது?

"விசேடமா, பொதுவா" என்ற கேள்வி எங்களிடம் வந்தது ஏழு ஆண்டுகள் கழித்து, 2019இன் கடைசியில். வீட்டுக்காரர் மேல்மாடியையும் தருவதாகச் சொன்னார். அதற்குள் எங்களுக்கு ஒரு பெயரும் வந்திருந்தது. ஒரே மாதத்தில் மூன்று யோசனைகள் வந்தன. முதலாவது, நீரிழிவுக்கு மட்டுமான நிலையம் ஒன்று ஆரம்பியுங்கள் என்பது. இரண்டாவது, பெண்களுக்கு மட்டுமான கிளினிக்காக மாற்றுங்கள் என்பது. மூன்றாவது, உண்மையில் எங்கள் நித்திரையைக் கெடுத்தது, தோல் அழகுச் சிகிச்சை. லேசர் இயந்திரத்தைத் தவணை முறையில் தருவதற்கு ஓர் ஆள் வந்து நின்றார். கலியாண வீட்டுக் காலம் முழுவதும் உங்களுக்கு ஓய்வே இராது, வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் விமான நிலையத்தில் இறங்குமுன்பே பதிவு செய்துவிடுவார்கள் என்றார். பொய்யும் இல்லை. ஒரு நாளில் நாற்பது காய்ச்சல்காரரைப் பார்த்துக் கிடைப்பதை அதில் நான்கு பேரிடம் பெறலாம்.

ஆனால் அந்த இயந்திரத்துக்கு வங்கியில் உறுதி வைக்கவேண்டும். எங்களில் ஒருவரிடம் இருந்தது அம்மா சீதனமாகத் தந்த காணி உறுதி மட்டும். மற்றவரிடம் அதுவும் இல்லை. ஆகவே இந்தக் கேள்வி எங்களுக்கு ஒரு பட்டிமன்றத் தலைப்பாக இருக்கவில்லை. யாருடைய காணி, யாருடைய கையெழுத்து என்ற கேள்வியாக இருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். எங்கள் சமூகத்தில் பொது வைத்தியர் என்பது ஒரு பாதிவழிச் சொல். கோயில் வீதியில் காணும் எந்தப் பெரியம்மாவும் கேட்பது ஒரே கேள்விதான்: "பிள்ளை இன்னும் ஸ்பெஷலிஸ்ற் ஆகேல்லையோ?" எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அதோடு நின்றால் சோதனையில் தவறிவிட்டோம் என்றே நினைக்கிறார்கள். பொது மருத்துவம் என்பது மிச்சம் மீதி அல்ல, தனக்கென்று பயிற்சியும் சோதனையும் உள்ள துறை என்பது பலருக்குத் தெரியாது. இலங்கைப் பொது மருத்துவர் கல்லூரி 1974இல் அமைக்கப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் குடும்ப மருத்துவத்துக்கு டிப்ளோமாவும் உண்டு, எம்.டி. பட்டமும் உண்டு. எங்களில் ஒருவர் அந்த டிப்ளோமாவை முடித்தவர். பெயர்ப்பலகையில் அதைப் போட்டபின்னும் பெரியம்மாவின் கேள்வி மாறவில்லை.

மேல்மாடிக்குப் பதில் சொல்ல இரண்டு மாதம் தவணை கேட்டோம். எங்கள் கணக்கைப் பார்ப்பவர் வர்த்தகப் பிரிவில் படித்த எங்கள் வகுப்புத்தோழி. பல வைத்தியர்களின் கணக்கைப் பார்த்தவர், ஆகவே வெள்ளைக் கோட்டுக்கு மயங்கமாட்டார். எந்தத் துறை நல்லது என்று நாங்கள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. "உங்களிடம் வரும் ஆட்கள் எவ்வளவு தூரத்தில் இருந்து வருகிறார்கள்?" என்று திருப்பிக் கேட்டார். நாங்கள் முழித்தோம். நோயை எழுதிவைத்திருந்தோம், தூரத்தை எழுதவில்லை.

பிறகு ஆடம் சிமித் பற்றி அவர் எங்களுக்கு வகுப்பெடுத்தார். 1776இல் வெளிவந்த புத்தகத்தில், தொழிலை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கலாம் என்பதைச் சந்தையின் பரப்புத்தான் தீர்மானிக்கிறது என்று அவர் எழுதியிருக்கிறாராம். ஸ்கொட்லாந்தின் மலைப்பக்கத்தில் தனித்தனி வீடுகளாக இருக்கும் கமக்காரன் தன் குடும்பத்துக்குத் தானே இறைச்சி வெட்டவும் பாண் சுடவும் மதுபானம் காய்ச்சவும் வேண்டியிருக்கும். சுமை தூக்குவதை மட்டும் தொழிலாகக் கொண்டு பிழைப்பவன் பெரிய நகரத்தில்தான் இருக்கமுடியும். எங்கள் தோழி இதை இப்படிச் சுருக்கினார்: ஒன்றை மட்டும் செய்கிறவளுக்கு அகலமான வட்டம் வேண்டும், பலதைச் செய்கிறவளுக்குச் சின்ன வட்டம் போதும், ஆனால் அதே ஆள் திரும்பத் திரும்ப வரவேண்டும்.

நாங்கள் ஒரு மாதப் பதிவேட்டை எடுத்துத் தூரத்தைக் குறித்தோம். பெரும்பாலானோர் நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்கள். ஓட்டோவில் வருகிறவர்களும் நூறு நூற்றைம்பது ரூபாய்த் தூரத்துக்குள் இருந்து வருகிறவர்கள். வேறு பிரதேச செயலாளர் பிரிவில் இருந்து வந்தவர்களை எண்ணக் கைவிரல்கள் போதும். அவர்களும் முன்பு எங்கள் ஊரில் இருந்து கலியாணம் முடித்துப் போன பெண்கள். வட்டம் சின்னது என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. நீரிழிவு நிலையம் என்று பலகை போட்டால் காய்ச்சல்காரர் வரமாட்டார், காய்ச்சலோடு வந்த பிள்ளையைக் கூட்டிவந்த அப்பப்பாவும் வரமாட்டார். அந்த அப்பப்பாவுக்குத்தானே சீனி இருப்பதை அன்று தற்செயலாகக் கண்டுபிடிக்கிறோம்?

அதே பதிவேட்டில் இரண்டாவது விடயத்தையும் பார்த்தோம். நீரிழிவு என்று எழுதப்பட்டிருந்தவர்களில் நீரிழிவு மட்டும் உள்ளவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குப் பிரஷர், கொலஸ்திரோல், முழங்கால், நித்திரையின்மை, தனிமை. கடைசி இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆளிடம் இருந்தன. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, ஐந்து அறை வீட்டில் தனியாக இருப்பவர்களை உங்களில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறோம். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். வயது எழுபதைத் தாண்டியவர். வந்து உட்கார்ந்ததும் கையில் இருந்த சொப்பிங் பையை மேசையில் கவிழ்த்தார். நான்கு இடத்துத் துண்டுகளும் மருந்துகளும் கொட்டுண்டன. சீனிக்கு ஒரு நிபுணர், இருதயத்துக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர், வெளிநாட்டு மகன் சொல்லி இன்னொருவர். எல்லோரும் திறமான வைத்தியர்கள். எங்கள் வீட்டாருக்கு வருத்தம் வந்தாலும் அவர்களிடம்தான் அனுப்புவோம். ஆனால் அந்தப் பைக்குள் மெற்போமின் இரண்டு வேறு பெயர்களில் இருந்தது. இரண்டையும் அவர் ஒழுங்காகக் குடித்துவந்தார். பிரஷருக்கு லொசாட்டன், காலில் நீர் இறங்க ஒரு மாத்திரை, முழங்காலுக்கு டைக்குளோபெனக். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் வயதானவரின் சிறுநீரகம் தாங்காது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு துண்டும் சரி. பையைப் பார்க்கத்தான் ஆள் இருக்கவில்லை.

"இஞ்சை எல்லாத்துக்கும் பாப்பியளோ பிள்ளை?" என்று கேட்டார் அந்த அம்மா.

"பாப்பம் அம்மா. ஏலாததுக்கு ஆரிட்டைப் போறதெண்டு சொல்லுவம்."

அன்று அவருக்கு நாங்கள் புதிதாக ஒரு மருந்தும் எழுதவில்லை. இரண்டை நிறுத்தினோம், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம், மற்ற வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். முக்கால் மணித்தியாலம் ஆனது. வெளியே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தொழில் கணக்கில் அது நட்டமான முக்கால் மணித்தியாலம் என்று எங்கள் தோழி சொன்னார். அந்த அம்மாவின் தங்கை, தங்கையின் மருமகள், மருமகளின் பிள்ளை என்று ஒரு வீடு முழுவதும் எங்களிடம் வரத்தொடங்கிய பிறகு அந்த வார்த்தையை அவரே திருத்திக்கொண்டார்.

எங்கள் நாட்டில் நிபுணரைப் பார்க்க யாருடைய கடிதமும் தேவையில்லை. தொலைபேசியில் சனல் பண்ணிவிட்டுப் போகலாம். இது பெரிய வசதிதான். ஆனால் நெஞ்சு எரிகிறவர் தனக்கு இருதயமா, இரைப்பையா என்று முதலில் தானே தீர்மானித்துவிட்டுத்தான் யாரைச் சனல் பண்ணுவது என்று யோசிக்கவேண்டும். அதாவது வைத்தியத்தில் மிகக் கடினமான பகுதியை நோயாளியிடமே விட்டிருக்கிறோம். அந்த முதல் தீர்மானத்தைச் செய்து கொடுப்பதையே எங்கள் தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று எங்களுக்குப் பட்டது. பொது என்பதற்கு நாங்கள் கண்ட அர்த்தம் அதுதான்.

நீங்கள் நினைக்கக்கூடும், பொதுப்பக்கம் நின்றவர்கள் ஆகையால் அதையே உயர்த்திப் பேசுகிறார்கள் என்று. அப்படியல்ல என்பதைக் காட்ட எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் இருந்தே ஒன்றைச் சொல்கிறோம். சமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிசன் வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தியதோடு, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் என்று பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். அறுபதுக்கு மேற்பட்டவர்களை வைத்தியர்களாக்கினார். அவர்கள் போய் இருந்தது கிராமங்களில். கிராமத்தில் இருக்கும் ஒரே வைத்தியர் எலும்பை மட்டும் பார்ப்பேன் என்று சொல்லமுடியாது. எலும்பும் பிரசவமும் காய்ச்சலும் ஒரே ஆளிடம்தான் வரும். ஆகவே கிறீன் அவர்களை அகலமாகவே படிப்பித்தார்.

மானிப்பாயில் இருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இணுவில். அங்கே 1898இல் அதே அமெரிக்க மிசன் திறந்த மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கானது. பக்கத்திலேயே மானிப்பாய் இருக்க இது எதற்கு? அங்கே எல்லாம் இருந்தும், ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டமாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே கிடந்த பெண்கள் இருந்தார்கள். அவர்கள் வாசலைத் தாண்டிவரப் பெண் வைத்தியர்கள் வேண்டியிருந்தது. இங்கே ஒடுக்கமாக நின்றதற்குக் காரணம், பரந்த சேவை ஒரு பகுதியினரைத் தொடவே இல்லை என்பது. எங்களில் பலரின் அம்மாமாரும் அம்மம்மாமாரும் அந்த இணுவில் ஆசுப்பத்திரியில்தான் பிறந்தார்கள்.

இரண்டு வைத்தியசாலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எங்களுக்கு ஒன்று பிடிபட்டது. கிறீன் தன் சௌகரியத்துக்காகப் பரந்து நிற்கவில்லை. இணுவிலார் பெயருக்காக ஒடுங்கி நிற்கவில்லை. யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று பார்த்துத்தான் இரண்டு இடத்திலும் முடிவு எடுத்திருக்கிறார்கள். எங்கள் லேசர் இயந்திரத்தை அந்த அளவுகோலில் வைத்தால் விடை உடனே வந்தது. முகத்தில் இருக்கும் மங்குக்குச் சிகிச்சை கிடைக்காமல் எங்கள் வட்டாரத்தில் யாரும் விடுபட்டிருக்கவில்லை. அந்தச் சிகிச்சையை நாங்கள் இளக்காரமாகச் சொல்லவில்லை. முகத்தழும்பால் மனம் உடைந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம், அதற்கெனப் படித்த தோல் நோய் நிபுணர் இருக்கிறார், அவரிடம் அனுப்புகிறோம். எங்கள் இருவருக்கும் அந்தப் படிப்பு இல்லை. இயந்திரத்தோடு கூட மூன்று நாள் பயிற்சி தருவதாகச் சொன்னார்கள். மூன்று நாளில் கிடைக்கும் விசேடம் என்ன விசேடம் என்று கேட்டது எங்கள் தோழி.

இனி, பொதுவாக நிற்பதற்கு நாங்கள் கொடுக்கும் விலையையும் சொல்லவேண்டும். இதைப் பலர் மேடையில் சொல்வதில்லை.

முதலாவது, கட்டணம். நிபுணருக்குக் கொடுப்பதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்களுக்குக் கொடுக்கும்போது "மருந்தோடு சேர்த்தோ, தனியவோ?" என்று கேட்பார்கள். பொது வைத்தியரிடம் மருந்தும் அந்தக் காசுக்குள் வரவேண்டும் என்பது இங்கே நீண்டகாலப் பழக்கம். யோசனைக்குத் தனிக்காசு உண்டு என்று பழக்க எங்களுக்குப் பல வருடம் பிடித்தது. இன்னும் முழுதாகப் பழகவில்லை. இரண்டாவது, படிப்பு. ஒன்றை மட்டும் செய்பவர் அதில் ஆழமாக வாசித்தால் போதும். எங்களுக்குப் பச்சைப்பிள்ளைத் தடுப்பூசியில் மாற்றம் வந்தாலும் வாசிக்கவேண்டும், முதியோர் மறதியில் வந்தாலும் வாசிக்கவேண்டும். வியாழக்கிழமை இரவுகளை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். வீட்டார் அதை எங்கள் "சங்கீத வகுப்பு" என்று கேலி பண்ணுவார்கள். மூன்றாவது, களைப்பு. அடுத்து உள்ளே வருவது என்ன என்று தெரியாமல் ஐம்பது தடவை கதவைப் பார்ப்பது ஒரு தனிவகைக் களைப்பு.

நான்காவதுதான் ஆபத்தானது. பலதையும் செய்கிறவருக்கு எல்லாம் தெரியும் என்ற மயக்கம் வரும். ஒரு ஊசி போட்டால் காய்ச்சல் இறங்கும், நோயாளி சந்தோஷமாகப் போவார், கைராசிக்காரர் என்று பெயரும் வரும். அந்த ஊசி தேவைதானா என்று கேட்க எங்களுக்கு மேலே ஓர் ஆள் இல்லை. அதனால் எங்கள் மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தாள் வைத்திருக்கிறோம். நாங்கள் செய்யாதவை அதில் எழுதியிருக்கிறது. பிரசவம் பார்ப்பதில்லை. ஆட்களை இரவு மறித்து வைப்பதில்லை. ஸ்கான் பண்ணுவதில்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்கு அனுப்புவதில்லை, நேரே போதனா வைத்தியசாலைக்கு. நெஞ்சுவலி என்று வந்தால் ஈ.சி.ஜி. எடுப்போம், சரியாக இருந்தாலும் சந்தேகம் இருந்தால் அனுப்புவோம். இந்தத் தாள் நாங்கள் சேர்ந்து எழுதியது, வருடத்துக்கு ஒருமுறை திருத்துகிறோம். பரந்த சேவை என்று பலகை போடுகிற எவருக்கும் பலகையை விட இந்தத் தாள் முக்கியம் என்பது எங்கள் எண்ணம். பலகை இல்லாமல் ஆறு மாதம் இருந்தோம், ஒன்றும் ஆகவில்லை.

ஸ்கான் விடயத்தில்தான் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. எங்களில் ஒருவருக்கு அதற்கான பயிற்சியைப் பெற்று, ஒரு சின்ன இயந்திரம் வாங்கவேண்டும் என்று விருப்பம். கர்ப்பிணிகள் அலைவது குறையும் என்கிறார். மற்றவர், இயந்திரம் வந்தால் அதற்குத் தீனி போடவேண்டும், தீனிக்காகத் தேவையில்லாதவர்களையும் ஸ்கான் பண்ணச் சொல்லுவோம் என்கிறார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. இப்போதைக்கு வாங்கவில்லை.

2020இல் கொரோனா வந்தது. 2022இல் நடந்ததை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதம் முந்நூற்றறுபதைத் தொட்டது. லேசர் இயந்திரத்தின் உதிரிப்பாகமும் அதற்குரிய பூச்சுகளும் டொலரில் வருபவை. அதை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் தோழி ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தத் தாளை நாங்கள் அம்மாவிடம் காட்டவில்லை. ஆனால் இதை வைத்து எங்கள் முடிவு புத்திசாலித்தனமானது என்று சொல்லமாட்டோம். யாருக்குத் தெரியும் நாடு அப்படி விழும் என்று? சொல்லக்கூடியது ஒன்றுதான். பெற்றோல் வரிசை கிலோமீற்றர்க் கணக்கில் நின்ற அந்த மாதங்களில் தூரத்தில் இருந்து ஆட்கள் வரவேண்டிய எந்தத் தொழிலும் திணறியது. எங்களிடம் வருகிறவர்கள் நடந்து வந்தார்கள். பாமசியில் ஒரு மருந்து இல்லாதபோது அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம் என்று யோசிப்பதே எங்கள் அன்றாட வேலையாக இருந்தது. பல மருந்துகளோடும் பழகியிருந்ததால் அந்த வேலையைச் செய்ய முடிந்தது. அதே காலத்தில் எங்கள் பருவத்தோழர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்களுடைய நோயாளர்கள் சிலரும் பழைய துண்டுகளோடு எங்களிடம் வந்து சேர்ந்தார்கள்.

மேல்மாடியை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். எடுத்தோம். வங்கிக்குப் போகவில்லை, உறுதி அம்மாவின் அலுமாரியிலேயே இருக்கிறது. இருந்த சேமிப்பில் வெள்ளையடித்து, இரண்டு திரைச்சீலை போட்டோம். சனிக்கிழமை காலை அது பெண்களுக்கு மட்டும். இதுவும் பதிவேட்டில் இருந்து வந்த யோசனைதான். கீழே காய்ச்சல் என்று வந்து, மருந்தை வாங்கிக்கொண்டு, கதவடியில் நின்று "இன்னொண்டு கேக்கவேணும் டொக்டர்" என்று தயங்குகிறவர்கள் எல்லோரும் பெண்கள். மாதவிடாய் நிற்கும் காலத்து அந்தரம், சிறுநீர் அடக்கமுடியாமை, வீட்டில் அடி. வெளியே ஆண்கள் காத்திருக்கும்போது அதைச் சொல்ல மூன்று நிமிடம் போதாது. மேலே அரை மணித்தியாலம் கொடுக்கிறோம்.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனையை நாங்கள் அங்கே செய்வதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் இருந்து அதை இலவசமாகச் செய்கின்றன. முப்பத்தைந்து வயதானால் போகவேண்டும் என்பது இங்கே இருக்கும் பல அக்காமாருக்குத் தெரிந்திருக்கும், எத்தனை பேர் போனீர்கள் என்று கேட்கமாட்டோம். அரசாங்கம் நன்றாக, காசில்லாமல் தருகிற ஒன்றை நாங்கள் விற்கத் தேவையில்லை. எங்கள் வேலை, அங்கே போகப் பயப்படுகிறவரிடம் என்ன செய்வார்கள் என்று விளக்கி, திகதியைக் கேட்டு எழுதிக் கொடுப்பது. தங்கைமாரே, 2017இல் இருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடும் எச்.பி.வி. தடுப்பூசியும் இதே புற்றுநோய்க்கு எதிரானதுதான். ஊசிக்குப் பயந்து அன்று லீவு போட்டவர்கள் இருந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே வைத்தியர் அல்லாத தொழில் செய்கிறவர்கள் அதிகம் இருக்கிறீர்கள். பேச்சுக்கு முன்பு ஓர் அக்கா எங்களைப் பிடித்து, தான் சாறிச் சட்டை மட்டும் தைப்பதா, பாடசாலைச் சீருடையும் எடுப்பதா என்று கேட்டார். அவருக்கு அங்கே முழுப்பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை. அக்கா, உங்கள் சட்டைக்கு எவ்வளவு தூரத்தில் இருந்து வருகிறார்கள் என்று ஒரு மாதம் கொப்பியில் எழுதுங்கள். சாவகச்சேரியில் இருந்தும் பருத்தித்துறையில் இருந்தும் வருகிறார்கள் என்றால், சீருடையை விட்டுவிடுங்கள். அந்தக் கைக்கு அகலமான வட்டம் ஏற்கெனவே இருக்கிறது, அளவெடுப்பதற்கு ஒரு பிள்ளையைப் பழக்குங்கள். பக்கத்து ஒழுங்கைக்காரர்தான் வருகிறார்கள் என்றால், ஜனவரியில் சீருடை, தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிள்ளைகளின் சட்டை, ஆவணிக் கலியாணத்துக்குச் சாறிச் சட்டை என்று அந்த வீடுகளின் வருடம் முழுவதையும் உங்கள் மெஷினுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் கோட் சூட் கேட்டு யாராவது வந்தால், அது தைக்கிறவரின் விலாசத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.

தேநீருக்கு மணி அடித்துவிட்டது. எங்கள் கணக்குத்தோழி மூன்றாவது வரிசையில் நீலச் சேலையோடு இருக்கிறார். கொப்பி எப்படி எழுதுவது என்று அவரிடம் கேளுங்கள், இன்று காசு வாங்கமாட்டார். நாங்கள் பன்னிரண்டு மணிக்கு முன் கிளினிக்குக்குப் போகவேண்டும், மேல்மாடியில் இருவர் காத்திருப்பதாக இப்போதுதான் குறுஞ்செய்தி வந்தது.